அடி மேல் அடி



"அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். சிலம்பம் பழகுபவர்களுக்கு இந்தப் பழமொழி நன்றாகவே புரியும். ஏனென்றால் அங்கே முதல் பாடமே காலடிதான்.

சிலம்பம்னா கம்பு சுத்துறதுன்னு எல்லாரும் நினைப்போம். ஆனால் ஆரம்பத்தில் கம்பைக் கையில் தர மாட்டார்கள். எந்தக் காலை முன்னால் வைப்பது, எப்படித் திரும்புவது என்று இதையே பல நாள் செய்ய வேண்டும். பிறகுதான் நம் நெற்றி உயரத்துக்கு ஒரு மூங்கில் கம்பு கிடைக்கும். வலது கை பழகியதும் இடது கை. அது லேசில் சொன்ன பேச்சு கேட்காது! உள்ளங்கை கொப்புளிக்கும், கம்பு முட்டியில் படும். இந்த இடத்தில்தான் நிறைய பேர் நின்னுடுறாங்க.

அடுத்தது மனசுக்குப் பாடம். எதிரில் நிற்பவர் கம்பு வீசினால் நம்ம கண்ணு தானா மூடிக்கும். அது கோழைத்தனம் இல்லை, உடம்போட இயல்பு. ஆனால் கண்ணை மூடினால் கம்பு எங்கே வருதுன்னு தெரியாது, தடுக்கவும் முடியாது. அதனால் முதலில் மெதுவாக வீசுவார்கள். அது பழகியதும் கொஞ்சம் வேகம், அப்புறம் இன்னும் வேகம். பயம் அப்போதும் இருக்கும், ஆனாலும் கண் திறந்தே இருக்கும். மன உறுதி என்பது இதுதான். அது பழகப் பழகத்தான் வரும்.

படிப்பும் அப்படித்தான். பரீட்சையில் பெரிய கணக்கைப் பார்த்ததும் பக்கத்தைத் திருப்பிடுறோம். அதுவும் கண்ணை மூடுற மாதிரிதான்! தினமும் இரண்டு கணக்கு, முதலில் சுலபமானது, பிறகு கஷ்டமானது என்று போட்டுப் பார்த்தால் பெரிய கணக்கையும் நேராகப் பார்க்கலாம்.

பக்கத்து மாநிலமான கேரளாவில் களரிப்பயட்டு என்ற தற்காப்புக் கலை இருக்கிறது. வடகரையைச் சேர்ந்த மீனாட்சி அம்மா ஏழு வயதில் அதைக் கற்கத் தொடங்கினார். அந்தக் காலத்தில் பெண் பிள்ளைகள் வயசுக்கு வந்ததும் களரியை விட்டுவிடுவார்கள். அவர் விடவில்லை. எழுபது வயதைத் தாண்டியும் வாளும் கம்பும் எடுத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார். 2017-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

நம் பள்ளி மைதானத்தில் ஜூன் மாதம் நாங்கள் பெண்கள் இரண்டு வரிசையாக நின்றோம். இப்போது ஒரு வரிசைகூட நிரம்பவில்லை. கை வலின்னு நின்னவங்க கொஞ்சம் பேர்தான். "பெரிய பிள்ளை ஆயிட்ட, இனி எதுக்குக் கம்பு?" என்று வீட்டில் சொன்னதால் நின்றவர்களே அதிகம். இன்று கம்பு எதுக்கு என்பவர்கள், நாளைக்குப் படிப்பு எதுக்கு என்றும் கேட்கலாம் இல்லையா?

வீட்டில் இப்படிச் சொல்லிப் பாருங்கள். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டியில் சிலம்பமும் இடம்பெற்றது. அதில் பெண்களும் கம்பு சுற்றினார்கள். ஒரு தடவை சொல்லிக் கேட்கவில்லை என்றால் மறுபடியும் சொல்லுங்கள். அம்மி ஒரே அடியில் நகராது.

நின்று போன அக்காமார்களே, தோழிகளே, திரும்பி வாங்க. உங்க கம்பு ஸ்டோர் ரூம்ல அப்படியேதான் இருக்கு.

– 9-ஆம் வகுப்பு மாணவி