கிணற்றுக்கும் மலகூடத்துக்கும் இடையே

இலங்கையில் நெருப்புக்காய்ச்சல் எல்லா மாவட்டங்களிலும் ஒரே அளவில் காணப்படுவதில்லை. 2009இல் யுத்தம் முடிந்த பின்னரான ஆண்டுகளில், அதிக நோயாளர் பதிவான மாவட்டங்களுள் யாழ்ப்பாணமும் ஒன்று. இதனை எமது தலைவிதி என்று விட்டுவிடலாமா? காரணத்தை அறிந்தால் விடமாட்டோம்.

சல்மொனெல்லா டைபி என்னும் பக்றீரியாவே இந்நோயை உண்டாக்குகிறது. இது மனிதரில் மட்டுமே வாழும் கிருமி. நோயாளியின் மலத்துடன் வெளியேறி, நீர் வழியாகவோ உணவு வழியாகவோ அடுத்தவரின் வாயை அடைகிறது. காய்ச்சல் மாறிய பின்னரும் சிலர் தம்மை அறியாமலே நெடுங்காலம் கிருமியைக் காவித் திரிவர்.

குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை; கிணறே கதி. மண்ணுக்குக் கீழே இருப்பது சுண்ணாம்புக்கல். மணல் நீரை வடித்து அனுப்பும். வெடிப்பும் துவாரமும் நிறைந்த கல் வடிப்பதில்லை. ஆகவே குழி மலகூடத்தின் கழிவு விரைவிலே கிணற்றைச் சேர்கிறது. மாரியில் நீர்மட்டம் உயரும்போது ஆபத்தும் உயர்கிறது.

குழிக்கும் கிணற்றுக்கும் இடையே குறைந்தது 30 மீற்றர், அதாவது ஏறக்குறைய 100 அடி வேண்டும் என்பது நிவாரணப் பணிகளுக்கான சர்வதேச அளவுகோல். வெடிப்புள்ள கல்நிலத்தில் இதுவும் போதாது. இரண்டு பரப்புக் காணி சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் 74 அடிதான். எமது குழியை மூலையில் வெட்டினாலும் அது அயலவரின் கிணற்றை நெருங்கும். எனவே மீள்குடியேறும் குடும்பங்கள் தனித்தனியே குழி வெட்டுமுன், வேலிக்கு இருபுறமும் உள்ளவர்கள் கூடிப் பேச வேண்டும். கிணறுகள் எங்கே, குழிகள் எங்கே என்று ஒரு தாளில் வரைந்து, பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் காட்டுங்கள். இடம் போதாவிடின் அடிப்பகுதி பூசிய, கசியாத தொட்டி அமைக்கலாமா என்று அவரிடமே கேளுங்கள்.

நெடுங்காலம் கைவிடப்பட்ட கிணற்றை இறைத்து, துப்புரவாக்கி, குளோரின் இட்ட பின்னரே பாவியுங்கள். அதன் பின்னரும் குடிப்பது கொதித்தாறிய நீராகவே இருக்கட்டும். பச்சையாக உண்ணும் இலைவகைகளையும் அந்நீரிலேயே கழுவுங்கள். சமைப்பவரும் பரிமாறுபவரும் சவர்க்காரமிட்டுக் கைகழுவ வேண்டும்.

காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினால் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். சுகம் கண்டதும் மருந்தை இடையில் நிறுத்த வேண்டாம். கவனியாது விட்டால் குடலில் துளை விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

நிலத்தடி நீருக்கு வேலி கிடையாது. அயலவரின் கிணற்றைக் காப்பவர் தமது பிள்ளைகளையும் காக்கிறார்.