வீட்டிற் பாண் சுடும் யந்திரம்: வாங்குமுன் எண்ணிப் பார்க்க வேண்டியவை

காலையில் வீதியிற் சூன் பாண் வண்டியின் இசை கேட்கின்றது. பெதோவன் என்னும் ஜேர்மன் இசைமேதை பியானோவுக்கென ஆக்கிய மெட்டு, இன்று நம் ஒழுங்கைகளிற் பாண் வந்துவிட்டது என அறிவிக்கும் மணியாகிவிட்டது. பாடசாலைக்குப் போகும் பிள்ளைகளும் அலுவலகத்துக்குப் போகும் பெற்றோரும் உள்ள இல்லங்களில், இடியப்பம் பிழியவும் பிட்டு அவிக்கவும் அவகாசமில்லாத நாள்களிற் பாணும் சம்பலுமே கைகொடுக்கின்றன. ஆயினும், நாம் நாள்தோறும் உண்ணும் அந்தப் பாணில் என்ன சேர்ந்துள்ளது, எவ்வளவு சேர்ந்துள்ளது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவர்? இவ்வினா எழும்போதுதான் வீட்டிலேயே பாண் சுடும் யந்திரமொன்றை வாங்கலாமா என்ற ஆவலும் எழுகின்றது.

ஆவல் நல்லதே. எனினும், ஆவலினால் மாத்திரம் வாங்கப்பட்டு, இரண்டு மாதங்களுக்குப் பின் அலுமாரிக்குமேல் ஏறிவிட்ட யந்திரங்கள் பல. ஆதலால், வாங்குமுன் சில விஷயங்களை ஆராய்ந்து பார்த்தல் நலம்.

யந்திரம் வந்த வரலாறு

பாண் என்னும் சொல்லையும், அதனைச் சுடும் போறணை என்னும் சொல்லையும் நமக்குத் தந்தவர்கள் 16 ஆம் நூற்றாண்டில் இலங்கைக்கு வந்த போத்துக்கேயர். வீட்டு யந்திரமோ மிகப் பிந்தியது. 1980களின் நடுப்பகுதியில் ஜப்பானிய நிறுவனமான மற்சுஷிற்றா அதனை உருவாக்க முயன்றபோது, பாணின் உட்பகுதி சரியாக வேகவில்லை, மேற்பகுதியோ கருகியது. அப்பொழுது இக்குக்கோ தனாக்கா என்னும் பெண்மணி, ஒசாக்கா இன்ரநஷனல் ஹோட்டலின் தலைமைப் பாண் தயாரிப்பாளரிடம் நேரிற் சென்று தொழில் பயின்றார். அவர் மாவை இழுப்பதோடு முறுக்கவும் செய்கின்றார் என்பதை அவதானித்து, அந்தக் கைவண்ணத்தை யந்திரத்திலும் அமைப்பதற்கு வழிகாட்டினார். பாணின் உயிர் அடுப்பில் மட்டுமன்றிப் பிசைதலிலும் உள்ளது என்பதை இவ்வரலாறு உணர்த்துகின்றது.

இன்றைய யந்திரத்தின் அமைப்பு எளிமையானது. ஒரு பெட்டி, அதனுள் ஒரு பாத்திரம், பாத்திரத்தின் அடியிற் சுழலும் துடுப்பு, சுற்றிலும் வெப்பமூட்டும் கம்பி. மா, நீர், உப்பு, ஈஸ்ற் ஆகியவற்றை அளந்து இட்டால், அதுவே பிசைந்து, பொங்க வைத்து, மீண்டும் அமுக்கி, இறுதியிற் சுட்டும் தருகின்றது. சாதாரண பாணுக்கு 3 முதல் 4 மணி நேரம் செல்லும். நம் பாடநூல்களில் மதுவம் எனப்படும் ஈஸ்ற், மாவிலுள்ள வெல்லத்தை உண்டு காபனீரொட்சைட்டு வாயுவை வெளிவிடுகின்றது. பிசைவதால் உண்டாகும் பசையம் அவ்வாயுவை வலைபோலப் பிடித்துவைக்கின்றது. அப்பத்துக்குக் கள் விட்டு மாவைப் பொங்க வைத்த நம் பாட்டிமார் கண்ட உண்மையும் இதுவே.

பணம் மிஞ்சுமா?

யந்திரம் வாங்கினாற் பாண் செலவு குறையும் என்று எண்ணுவோர் முதலிற் கணக்குப் பார்த்தல் வேண்டும். உதாரணமாக, யந்திரத்தின் விலை 40,000 ரூபா என்றும், மா, ஈஸ்ற், மின்சாரம் அனைத்தும் போக ஒரு பாணில் மிஞ்சுவது 40 ரூபா என்றும் வைத்துக்கொள்வோம். போட்ட முதல் திரும்ப 1,000 பாண் சுட வேண்டும். கிழமைக்கு மூன்று பாண் சுடும் குடும்பத்துக்கு ஆறு ஆண்டுகளுக்கு மேலாகும். அன்றன்றைய விலைகளை இட்டு நீங்களே கணித்துப் பார்க்கலாம். சிக்கனத்தை மாத்திரம் கருதி வாங்குவோர் பெரும்பாலும் ஏமாற்றமே அடைவர். வீட்டில் ஏற்கெனவே மின்போறணை இருக்குமாயின், கையாற் கால் மணி நேரம் பிசைந்து அதிலேயே பாண் சுடலாம். வேறு யந்திரம் வேண்டியதில்லை.

அவ்வாறாயின் இதன் உண்மையான பிரயோசனம் யாது? இரண்டு கூறலாம். ஒன்று, பிசையும் உழைப்பை அது ஏற்றுக்கொள்வது. மூட்டுவலியுள்ளோருக்கும் அலுவலகம் செல்லும் மாதருக்கும் இது சிறிய உதவியன்று. மற்றையது, பாணில் இடுவதை நாமே தீர்மானிக்க முடிவது. இவ்விரண்டாவதே பெரிது.

உப்பை எடுத்துக்கொள்வோம். பாண் தயாரிப்பில் 100 கிராம் மாவுக்கு ஒன்றரை முதல் 2 கிராம் உப்பு இடுவது பொது வழக்கம். ஓர் இறாத்தற் பாணுக்கு ஏறத்தாழ 300 கிராம் மா செல்லும். 2 கிராம் வீதம் பார்த்தால், அப்பாண் ஒன்றில் 6 கிராம் உப்பு இருக்கும். வளர்ந்த ஒருவர் நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு உட்கொள்ள வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அரை இறாத்தல் பாண் உண்பவர், சம்பலையும் கறியையும் தொடுமுன்னரே 3 கிராம் உப்பை உட்கொண்டுவிடுகின்றார். இரத்த அழுத்தம் உள்ளவர் இருக்கும் வீட்டில் இக்கணக்கு அலட்சியம் செய்யத்தக்கதன்று.

முதலிற் பார்க்க வேண்டியது மின்னழுத்தம்

எமக்குத் தெரிந்த இல்லமொன்றில் நிகழ்ந்ததைக் கூறுவோம். தந்தையாருக்கு இரத்த அழுத்தம். உப்புக் குறைந்த உணவு உண்ணும்படி வைத்தியர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த மகள், தன் பயணப் பெட்டியிற் பாதி இடத்தை ஒதுக்கி, பாண் யந்திரமொன்றை அவருக்கெனக் கொண்டுவந்தாள். முதல் நாள் மாலை வீட்டார் அனைவரும் சூழ்ந்து நிற்க, மின்சாரத்தைக் கொடுத்த சிறிது நேரத்திற் புகை எழுந்தது. பாணும் இல்லை, யந்திரமும் இல்லை. மகள் கண் கலங்கினாள். தந்தையார்தாம் அவளைத் தேற்றினார்.

குற்றம் யந்திரத்தினதன்று. நம் நாட்டு மின்னழுத்தம் 230 வோல்ற்று. கனடாவிலும் அமெரிக்காவிலும் 120, ஜப்பானில் 100. அந்நாடுகளில் விற்பதற்கென அமைந்தவற்றை இங்கே நேரடியாகப் பொருத்தலாகாது. பிரித்தானியா, பிரான்ஸ், ஜேர்மனி, சுவிற்சர்லாந்து, நோர்வே, அவுஸ்திரேலியா ஆகிய நாடுகளின் மின்னழுத்தம் நமக்கு ஒத்தது. செருகி வேறுபடின் தகுந்த பொருத்தி போதும். 120 வோல்ற்று யந்திரத்துக்கோ பாரமான மின்மாற்றி வேண்டும். 600 வாற்று யந்திரமாயின் மின்மாற்றி அதனிலும் அதிக வலுவுடையதாதல் அவசியம். ஆதலால், வெளிநாட்டு உறவினர் அன்புடன் கேட்கும்போது, யந்திரத்தின் அடியிலுள்ள தகட்டிற் பொறித்திருக்கும் வோல்ற்று எண்ணைப் பார்த்து வாங்கும்படி தயங்காமற் கூறுங்கள்.

அடுத்தது மின்தடை. 2022 மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை மின்சாரம் நின்றதை நாம் மறந்திருக்கமாட்டோம். இப்பொழுதும் இடி மழைக் காலத்திற் சில நிமிடங்கள் மின்சாரம் போய் வருவதுண்டு. சில யந்திரங்கள் சுமார் 10 நிமிடம்வரை தாம் நின்ற இடத்தை நினைவில் வைத்திருந்து, மின்சாரம் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். அவ்வசதி இல்லாதவை அப்படியே நின்றுவிடும், மா வீணாகும். கடையில் இதனைக் கேட்டறிதல் வேண்டும். மின்சாரப் பட்டியலைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை. பாண் ஒன்றுக்குச் செல்வது பொதுவாக அரை அலகுக்கு உட்பட்டதே.

அளவும் உதிரிப் பாகங்களும்

யந்திரங்கள் ஓர் இறாத்தல், ஒன்றரை இறாத்தல், இரண்டு இறாத்தல் என்னும் அளவுகளில் வருகின்றன. ஓர் இறாத்தல் ஏறத்தாழ 450 கிராம். பெரியதே சிறந்தது என எண்ணுதல் தவறு. வீட்டுப் பாணிற் பூஞ்சணத்தைத் தடுக்கும் இரசாயனங்கள் இல்லையாதலால், நம் வெப்பத்தில் இரண்டு மூன்று நாள்களுக்குள் அது பழுதாகிவிடும். இருவர் அல்லது மூவர் உள்ள வீட்டுக்கு ஓர் இறாத்தல் போதும். ஐவருக்கு மேற்பட்டோர் உள்ள வீட்டுக்கே பெரியது வேண்டும்.

முதலிற் பழுதாவன பிசையும் துடுப்பும், பாத்திரத்தின் ஒட்டாத பூச்சும். இவை தனியாக இங்கே வாங்கக் கிடைக்குமா, திருத்தும் இடம் உள்ளதா, உத்தரவாதம் எத்தனை ஆண்டு என்பன கேட்க வேண்டிய கேள்விகள். இருபது வகைப் பாண் சுடும் என்ற விளம்பரத்தைக் காட்டிலும் இவ்விடைகளே முக்கியமானவை. சாதாரண பாண், தவிட்டு மாப் பாண், பிசைதல் மட்டும் என்னும் மூன்று முறைகள் இருந்தாற் பெரும்பாலான இல்லங்களுக்குப் போதும். பிசைதல் மட்டும் என்னும் முறை மாலு பணிசுக்கும் உதவும். பாணின் அடியில் துடுப்பு ஒரு துளையை விட்டுச்செல்லும் என்பதையும் முன்கூட்டியே அறிந்திருங்கள்.

நம் வெப்பத்துக்கேற்ற முறை

முதற் பாணுக்குரிய அளவு இது: கோதுமை மா 300 கிராம், நீர் 190 மில்லிலீற்றர், எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி, சீனி இரண்டு தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, அதாவது ஏறத்தாழ 3 கிராம், உடனடி ஈஸ்ற் ஒரு தேக்கரண்டி. மாவைக் கோப்பையால் அளவாது தராசில் நிறுத்தல் நன்று. நீரையும் எண்ணெயையும் முதலில் இட்டு, உப்பு, சீனி, மா என்பவற்றைச் சேர்த்து, ஈஸ்றை நீரும் உப்பும் தொடாதவாறு மாவின்மேல் இடுவது பல யந்திரங்களுக்குரிய முறை. உடன்வரும் கைநூல் வேறு கூறின் அதன்படி செய்க.

பெரும்பாலான கைநூல்கள் குளிர்நாடுகளை மனத்திற்கொண்டு எழுதப்பட்டவை. 30 பாகை வெப்பமுள்ள நம் அடுக்களையில் மா விரைந்து பொங்கி, சுடும்போது நடுவில் குழிந்துவிடுவதுண்டு. அவ்வாறு நேரின், வெந்நீரை விடுத்துக் குளிர்ந்த நீரை ஊற்றி, ஈஸ்றையும் சற்றுக் குறைத்தல் வேண்டும். உப்பு ஈஸ்றின் வேகத்தை அடக்குவதால், அதனைக் குறைக்கும்போதும் இது பொருந்தும். இரவில் இட்டு விடியற்காலையில் எடுப்பதற்கான மணிக்கூட்டு வசதியைப் பாலோ முட்டையோ சேர்க்கும் பாணுக்கு உபயோகித்தலாகாது. பல மணி நேரம் கிடந்தால் அவை கெட்டுவிடும். குரக்கன் மா சேர்க்க விரும்புவோர் ஐந்தில் ஒரு பங்குக்கு மேற்படாது சேர்க்க. அதிற் பசையம் இல்லையாதலால், மிகுந்தாற் பாண் கல்லாகும்.

பிசையத் தொடங்கிப் பத்து நிமிடத்தில் மூடியைத் திறந்து ஒருமுறை பாருங்கள். மா மென்மையான உருண்டையாய்த் திரண்டிருத்தல் வேண்டும். உலர்ந்திருப்பின் ஒரு கரண்டி நீர். ஒட்டினால் ஒரு கரண்டி மா. யந்திரத்தால் இதனை அறிந்து திருத்த இயலாது. பார்க்கும் கண் வீட்டாருடையதே.

மேலே கூறிய இல்லத்தில் இப்பொழுது 230 வோல்ற்று யந்திரமொன்று வேலை செய்கின்றது. உப்பை ஒரேயடியாகக் குறைக்காது, சில கிழமைகளிற் சிறிது சிறிதாகக் குறைத்தனர். கடைப் பாணின் சுவை இல்லையென முதலிற் குறைப்பட்ட தந்தையார், இன்று அதனையே கேட்டு உண்கின்றார். மாவை நிறுத்து உப்பை அளந்து இடுபவள் பாடசாலை செல்லும் பேர்த்தி. எவ்வளவு இட்டோம் என்று கேட்டால், கொப்பியைப் பார்க்காமலே அவள் சொல்லிவிடுவாள்.