ஜீப் வேகமானி வடம்

வேகமானி வடம் என்பது வண்டி ஓடும்போது ஏற்படும் சுழற்சியை ஓட்டுநரின் முன்னுள்ள வேகமானிக்குக் கொண்டு சேர்க்கும் வளையக்கூடிய எஃகு வடம் ஆகும். பட்டறைகளில் இதனை மீட்டர் கேபிள் என்பர். மின்னணு உணரிகள் பரவுவதற்கு முன் வந்த பெரும்பாலான வண்டிகளில் இவ்வடம் இருந்தது. இக்கட்டுரை மகிந்திரா நிறுவனத்தின் பழைய சிஜே-3பி வகை ஜீப்பில் இவ்வடம் இயங்கும் விதத்தையும் அதனை மாற்றும் முறையையும் விளக்குகிறது.

மகிந்திரா நிறுவனம் 1949இல் மும்பையின் மசகான் பகுதியில் வில்லிஸ் ஜீப்புகளைப் பொருத்தத் தொடங்கியது. உயர்ந்த முகப்பு கொண்ட சிஜே-3பி, அமெரிக்காவில் 1960களில் நிறுத்தப்பட்ட பின்னரும் இந்தியாவில் நெடுங்காலம் தயாரிக்கப்பட்டது. ஊராட்சி ஒன்றிய அலுவலக வண்டி என்றாலே ஜீப் என்று மக்கள் எண்ணிய காலம் ஒன்று உண்டு. அரசு வண்டிகளில் ஒவ்வொரு பயணத்திற்கும் மீட்டர் எண்ணைப் பதிவேட்டில் எழுத வேண்டும். எரிபொருள் கணக்கு அதைக் கொண்டே சரிபார்க்கப்படும். வடம் அறுந்தால் வேகம் மட்டுமன்றி அந்தக் கணக்கும் நின்றுவிடும். எண்ணெய் மாற்றுவது, பழைய வண்டியை விலை பேசுவது ஆகியவையும் அந்த எண்ணையே நம்பியிருக்கின்றன.

இயங்கும் விதம்

வடத்தின் கீழ்முனை, கியர் பெட்டியின் பின்னால் உள்ள பகிர்வுப் பெட்டியில் பொருத்தப்படுகிறது. நான்கு சக்கரங்களுக்கும் விசையைப் பகிர்ந்தளிப்பது இப்பெட்டியே. இதன் பின்பக்க வெளியீட்டுத் தண்டில் உள்ள ஒரு புரிப்பல், சிறிய பற்சக்கரம் ஒன்றைச் சுழற்ற, அது வடத்தைச் சுழற்றுகிறது. இந்த இடம் உயர், தாழ் கியர்களுக்குப் பின்னால் அமைந்திருப்பதால், மணலில் தாழ் கியரில் ஊர்ந்தாலும் மீட்டர் சரியான வேகத்தையே காட்டும்.

இதன் கணக்கு எளிது. 6.00-16 அளவுள்ள டயர் ஒரு மைல் ஓட ஏறக்குறைய 750 முறை சுழலும். சிஜே-3பியின் பின் அச்சு விகிதம் 5.38. எனவே வெளியீட்டுத் தண்டு ஒரு மைலுக்கு ஏறக்குறைய 4,000 முறை சுழல்கிறது. அதனைப் புரிப்பல் நான்கில் ஒன்றாகக் குறைக்க, வடம் மைலுக்கு 1,000 சுற்று சுற்றுகிறது. மணிக்கு 60 மைல் என்பது நிமிடத்திற்கு ஒரு மைல் அல்லவா? ஆகவே அந்த வேகத்தில் வடம் நிமிடத்திற்கு 1,000 சுற்று சுற்றும்.

மேல்முனையில் வடம் ஒரு காந்தத்தைச் சுழற்றுகிறது. காந்தத்தைச் சூழ்ந்து ஓர் அலுமினியக் கிண்ணம் உள்ளது. இரண்டும் ஒன்றையொன்று தொடுவதில்லை. சுழலும் காந்தம் கிண்ணத்தில் சுழல் மின்னோட்டத்தைத் தூண்ட, கிண்ணம் காந்தத்தின் பின்னே இழுபடுகிறது. மெல்லிய சுருள்வில் ஒன்று அதனைத் தடுத்து நிறுத்துகிறது. இழுப்பும் தடையும் சமமாகும் இடத்தில் முள் நிற்கும். செருமானியரான ஓட்டோ ஷூல்சே 1902இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. ஓடிய தொலைவைக் காட்டும் எண்சக்கரங்களோ காந்தத்தால் அன்றி, அதே வடத்திலிருந்து பற்சக்கரங்கள் வழியாக நேரடியாகச் சுழல்கின்றன.

பழுதை அறிதல்

வடம் சுமக்கும் பளு மிகச் சிறியது. நல்ல நிலையில் உள்ள வடம் காரணமின்றி அறுவதில்லை. காரணத்தைத் தேடாமல் புது வடம் போட்டால் அதுவும் விரைவில் அறும்.

முள் ஆடி, எண்கள் மட்டும் நின்றிருந்தால் பழுது மீட்டருக்குள் உள்ளது. எண்கள் ஓடி, முள் மட்டும் அசையாவிடினும் அவ்வாறே. இரண்டும் நின்றிருந்தால் வடத்தையோ கீழே உள்ள பற்சக்கரத்தையோ ஐயுறலாம். முள் நடுங்கித் துள்ளினால் வடம் காய்ந்திருக்கும் அல்லது எங்கோ கூர்மையாக மடிந்திருக்கும். முள் திடீரென உச்சத்திற்கு ஏறினால் மசகு மீட்டருக்குள் புகுந்திருக்கக்கூடும்.

காரைக்குடி போன்ற வறண்ட ஊர்களில் வெயிலும் செம்மண் புழுதியும் வடத்தின் மசகை உலர்த்தி அரைபொடியாக்கிவிடுகின்றன. கடலோரமான மண்டபத்தில் அதே வடம் துருவால் கெடும். காரைக்குடியில் 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இந்தியாவின் அரிமான வரைபடத்தை உருவாக்கியுள்ளது. ஊருக்கு ஊர் உலோகம் அரிக்கப்படும் வேகம் எவ்வளவு மாறுபடும் என்பதை அதில் காணலாம்.

மாற்றும் முறை

முதலில் மின்கலத்தின் ஒரு முனையைக் கழற்ற வேண்டும். மீட்டரின் பின்னால் கையை விட்டு, கண்ணால் பாராமல் தடவித்தான் மரையைத் திருக வேண்டியிருக்கும். அங்குள்ள மின்முனைகளில் மோதிரமோ கைக்கடிகாரமோ பட்டால் கை சுட்டுவிடும்.

மேல்மரையும் கீழ்மரையும் கழன்றபின் வடத்தை உறையுடன் எடுக்கலாம். உள்வடம் நடுவில் அறுந்திருந்தால் ஒரு துண்டு மேலேயும் மற்றது கீழேயும் வரும். துண்டுகளைச் சேர்த்துப் பார்ப்பது நல்லது. சிறு துண்டு பற்சக்கரத்தின் சதுரத் துளையில் தங்கிவிட்டால் புது வடம் அமராது. மீட்டரின் துளையில் அறுந்த வடத்தின் மேல்முனையைச் செருகி விரலால் சுழற்றிப் பார்க்க வேண்டும். தடையின்றிச் சுழன்றால் மீட்டர் நலம். இறுகியிருந்தால் வடத்தை அறுத்தது மீட்டரே. அதைச் சரிசெய்யாமல் மேற்கொண்டு செல்வதில் பயனில்லை.

கீழ்முனையைச் சோதிக்கப் பின்சக்கரம் ஒன்றைத் தூக்க வேண்டும். இங்கே ஓர் எச்சரிக்கை. இவ்வகை ஜீப்பில் கை பிரேக் சக்கரங்களைப் பிடிப்பதில்லை. பகிர்வுப் பெட்டியின் பின்னால் உள்ள டிரம்மின் வழியே தண்டைப் பிடிக்கிறது. ஒரு பின்சக்கரம் தரையை விட்டு எழுந்தவுடன், வேறுபாட்டுப் பற்சக்கர அமைப்பின் காரணமாக, மற்றச் சக்கரம் உருளத் தடையில்லை. கை பிரேக்கை இழுத்திருந்தாலும் வண்டி ஜாக்கிலிருந்து நழுவி ஓடக்கூடும். ஆகவே முன்சக்கரங்கள் இரண்டிற்கும் இருபுறமும் கட்டை வைத்து, வண்டியை உறுதியான தாங்கியில் நிறுத்திய பின்னரே அடியில் செல்ல வேண்டும். பிறகு கியரை நடுநிலையில் வைத்து, முன்சக்கர இணைப்பை நீக்கி, கை பிரேக்கைத் தளர்த்தி, தூக்கிய டயரைக் கையால் சுழற்றலாம். மறுசக்கரம் நின்றிருப்பதால் தண்டு பாதியளவே சுழலும். டயர் மூன்று சுற்று சுற்றினால் வடம் இரண்டு சுற்று சுற்ற வேண்டும். சுற்றாவிடில் பற்சக்கரம் தேய்ந்துள்ளது. பழைய வடம் கியர் எண்ணெயில் ஊறியிருந்தால் அங்குள்ள எண்ணெய்த் தடுப்பானையும் மாற்ற வேண்டும். இல்லையேல் எண்ணெய் வடத்தின் வழியே மீட்டர் வரை ஏறும்.

புது உள்வடத்திற்கு மசகு மெல்லிய பூச்சாக இருந்தால் போதும். மேல்முனையில் ஒரு சாண் அளவு மசகின்றி விட வேண்டும். வடத்தைக் கொண்டு செல்லும் வழியில் எந்த வளைவும் 15 சென்டிமீட்டர் ஆரத்திற்குக் குறையக்கூடாது. சூடான புகைக்குழாயையும் அசையும் தண்டுகளையும் அது தொடக்கூடாது. தகட்டைத் துளைத்துச் செல்லும் இடத்தில் ரப்பர் வளையம் இன்றியமையாதது. மரைகளைக் கையால் இறுக்கினாலே போதும். குறடு கொண்டு முறுக்கி மீட்டரின் கழுத்தை உடைத்தவர் பலர்.

மீட்டரையும் மாற்றும்போது

பழைய மைல் மீட்டருக்குப் பதிலாகக் கடையில் கிடைத்த கிலோமீட்டர் மீட்டரைப் பொருத்துவது வழக்கமாகிவிட்டது. கிலோமீட்டருக்கு 1,000 சுற்று என அளவிடப்பட்ட மீட்டரை, மைலுக்கு 1,000 சுற்று தரும் ஜீப்பில் பொருத்தினால், கிலோமீட்டருக்கு 621 சுற்றுகளே கிடைக்கும். வண்டி 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது முள் 37ஐக் காட்டும். அது மைல் கணக்கில் சரியான எண். முகப்பில் எழுதியிருப்பதோ கிலோமீட்டர். பெரிய 7.00-16 டயர்களும் இதே திசையில்தான் பிழை செய்கின்றன; முள் 60 காட்டும்போது உண்மை வேகம் ஏறக்குறைய 65 ஆக இருக்கும். புது வடம் பொருத்தியபின் சாலையோர கிலோமீட்டர் கற்களைக் கொண்டு பத்துக் கிலோமீட்டர் ஓட்டி, தொலைவு எண்ணையும் ஒப்பிட்டுக் கொள்ளலாம்.