இடக்கைப் பிள்ளைக்குச் சொல்வது ஏறாதா?

"இடக்கையால் எழுதுகிறான், அதுதான் சொல்வதொன்றும் தலையில் ஏறுவதில்லை." மட்டக்குளியில் இடம்பெயர்ந்த குடும்பங்களைச் சந்திக்கும்போது இப்படியான பேச்சு எமது காதில் விழுவதுண்டு. பிள்ளையை அடித்துக் கையை மாற்றப் பார்ப்போரும் உண்டு. இதில் உண்மை ஏதும் இருக்கிறதா?

எமது மூளை இரு பாதிகளாக அமைந்துள்ளது. வலது கையை இடப் பாதியும் இடது கையை வலப் பாதியும் இயக்குகின்றன. ஒவ்வொரு காதும் இரு பாதிகளுக்குமே செய்தி அனுப்பும். எனினும் எதிர்ப்பக்கத்துக்குச் செல்லும் பாதையே வலியது. பெரும்பாலானோருக்குப் பேச்சை விளங்கிக்கொள்வதில் இடப் பாதியே முன்நிற்கிறது.

1961இல் கனடாவின் மொன்றியல் நகரில் டொரீன் கிமுரா என்ற பெண் ஆய்வாளர், இரு காதுகளிலும் ஒரே நேரத்தில் வெவ்வேறு எண்களை ஒலிக்கச் செய்தார். வலது காதில் விழுந்த எண்களையே கேட்டவர்கள் கூடுதலாகத் திருப்பிச் சொன்னார்கள். 1964இல் அவர் இசை மெட்டுகளைக் கேட்பித்தபோது இடது காது முந்தியது.

இடக்கைப் பழக்கமுள்ளோர் உலகில் பத்துப் பேரில் ஒருவர் அளவினர். அவர்களிலும் 100 பேரில் 70 பேர் அளவினருக்குப் பேச்சு இடப் பாதியிலேயே உள்ளது. ஏனையோருக்கு அது வலப் பாதியிலோ இரு பாதிகளிலுமோ இருக்கும். இடம் மாறியிருப்பதால் விளங்கும் ஆற்றல் குறைந்துவிடுவதில்லை.

ஆண், பெண் வேறுபாடும் இப்படித்தான். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், வலது காது முந்துவது ஆண்களில் சற்றே கூடுதல். ஆனால் அது மிகச் சிறிய வேறுபாடு. அதைக் கொண்டு "பெண்பிள்ளை இப்படித்தான் கேட்பாள், ஆண்பிள்ளை இப்படித்தான் கேட்பான்" என்று சொல்ல முடியாது.

ஆகவே, பிள்ளைக்குச் சொன்னது விளங்காவிட்டால் கையைப் பார்க்க வேண்டாம், காதைப் பாருங்கள். காதில் சீழ் வடிகிறதா? கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லையா? வெடிச்சத்தத்துக்குப் பின் பெரியவர்களுக்கும் கேட்கும் திறன் குறையலாம். தாமதியாமல் அரசாங்க வைத்தியசாலையில் காட்டுங்கள்.

ஒற்றை அறை வீட்டில் தொலைக்காட்சியும் அயல்வீட்டுச் சத்தமும் சேர்ந்தால் எந்தப் பிள்ளையும் குழம்பும். பாடம் சொல்லிக் கொடுக்கும்போது சத்தத்தைக் குறைத்து, முகத்துக்கு நேரே இருந்து பேசுங்கள். இடக்கைப் பிள்ளையை வாங்கின் இடது ஓரத்தில் இருத்தும்படி ஆசிரியரிடம் கேளுங்கள். பக்கத்துப் பிள்ளையின் முழங்கை இடிக்காது.

ஊரையும் காணியையும் விட்டு வந்த பிள்ளை பழகிக்கொள்ள வேண்டியவை ஏற்கெனவே அநேகம். எழுதும் கையையாவது அதனிடமே விட்டுவிடுவோம்.