கோப்பும் கோப்பியும்

ஈழத்துத் தமிழிலே ஓசையால் நெருங்கிய மூன்று சொற்கள் உள. மாணவன் எழுதுவது கொப்பி. களைத்தவன் அருந்துவது கோப்பி. காரியாலயத்தில் அடுக்கி வைப்பது கோப்பு. கணினிக்கு நிரல் எழுதுவோர் தம்முள் பேசிச் சிரிக்கும் வேடிக்கைகளை நோக்கின், அவற்றுட் பல இம்மூன்றையுமே சுற்றி வருகின்றன. எழுதியது மறந்துபோயிற்று, தூக்கம் கலையக் கோப்பி குடித்தோம், குடித்துவிட்டுக் கோப்புக்கு இட்ட பெயரோ நமக்கே விளங்கவில்லை. இவ்வளவே அவர்தம் நகைச்சுவையின் முதலும் முடிவும்.

நகை பிறக்கும் இடங்களுள் ஒன்றாகப் பேதைமையைத் தொல்காப்பியர் எண்ணினார். பிறர் பேதைமை கண்டு நகுதல் எளிது. நிரலாளர் நகுவது பெரும்பாலும் தம் பேதைமை கண்டே. ஒருவன் தன் வேலையை முடித்துக் கோப்புக்கு 'இறுதி' என்று பெயரிடுகிறான். மறுநாள் ஒரு பிழை தென்படுகிறது. திருத்தியதற்கு 'இறுதி இரண்டு' என்று பெயர். அதன்பின் 'மெய்யான இறுதி' தோன்றும்; அதற்கும் பின் 'இதுவே இறுதி, தொடவேண்டாம்' என்பது தோன்றும். ஆறு திங்கள் கழிந்தபின் இந்நான்கனுள் எது கடைசி என்பதை அவனே அறியான். (வினாத்தாள் தயாரிக்கும் ஆசிரியப் பெருமக்கள் இவ்விடத்தில் நகைக்காமல் இருப்பது நன்று.)

மறதியைப் பற்றிய வேடிக்கையோ இன்னும் கூரியது. பழைய நிரல் ஒன்றைப் படித்து, "எந்த மடையன் இதை எழுதினான்?" என்று வெகுண்டெழுகிறான் ஒருவன். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 இல் ஆக்கிய 'கிட்' என்னும் மென்பொருளில், ஒவ்வொரு வரியையும் எழுதியவர் யாரெனக் காட்டும் கட்டளை ஒன்றுண்டு. பழி சுமத்துதல் என்று பொருள்படும் 'பிளேம்' என்பதே அதன் பெயர். அதனை ஏவினால் திரையில் வருவது வெகுண்டவனுடைய பெயரேயாம்!

இனிக் கோப்பிக்கு வருவோம். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக் கணினி ஆய்வுகூடத்தார், பாத்திரத்தில் கோப்பி மிஞ்சியிருக்கிறதா என்பதை எழுந்து சென்று பாராமலே அறியும்பொருட்டு 1991 இல் அதன்மீது ஓர் ஒளிப்படக் கருவியைத் திருப்பி வைத்தனர். 1993 இல் அக்காட்சி உலகத்தார் அனைவருக்கும் இணையத்திலே திறந்துவிடப்பட்டது. 2001 ஆகஸ்ட் 22 இல் நிறுத்தப்பட்டது. ஒரு கோப்பிப் பாத்திரத்தை உலகமே நின்று நோக்கிய காலம் அது. ஆயினும் கோப்பியிலுள்ள கஃபீன் புதிய ஆற்றல் எதனையும் தருவதன்று. களைப்பை மூளைக்கு உணர்த்தும் அடினோசின் என்னும் பொருளின் வழியை அது சிறிது நேரம் அடைத்து நிற்கிறது, அவ்வளவே. உட்கொண்டதிற் பாதி உடலைவிட்டு நீங்க ஏறத்தாழ ஐந்து மணி நேரமாகும். மாலையிற் குடித்தவன் இரவில் உறங்கான். உறங்காதவன் கற்றது நெஞ்சில் நிலையாது. நள்ளிரவிலே 'மெய்யான இறுதி' பிறப்பதும் விடியற்காலையில் அது மறப்பதும் இவ்வாறுதான். மூன்று வேடிக்கைகளாகத் தோன்றுவன உண்மையில் ஒரே சங்கிலியின் மூன்று வளையங்கள்.

மன்னார்க் கரையாருக்குக் கோப்பி வேறொரு நினைவையும் தரும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களுக்கென வந்த தமிழகத்துத் தொழிலாளர் இக்கரையிலே இறங்கிக் காட்டுவழியே கால்நடையாகச் சென்றனர். வழியில் மடிந்தோர் பலர். அவர்களுள் எத்தனை பேருக்குப் பெயர்ப் பதிவு உண்டு?

பெயரிடுதல் மிக அரிய தொழில்களுள் ஒன்று என்பது நிரலாளரிடையே பழமொழிபோல் வழங்குகிறது. அக்கருத்தை நெட்ஸ்கேப் நிறுவனத்திற் பணிசெய்த பில் கார்ல்டனுக்கு உரியதென்பர். 1987 இல் லாரி வால் என்பவர் தாம் படைத்த கணினிமொழிக்கு, முத்து என்று பொருள்படும் 'பேர்ல்' என்ற ஆங்கிலச் சொல்லையே பெயராக்கக் கருதினார். அப்பெயரில் வேறொரு மொழி முன்னரே இருத்தலை அறிந்து, ஆங்கில எழுத்துக் கூட்டலில் ஓர் எழுத்தைக் குறைத்துவிட்டார். ஓசை மாறவில்லை, முத்து மட்டும் கழன்றது. அம்மொழியில் எழுதலாமேயன்றி, எழுதியதைப் பின்னர் வாசித்தல் இயலாது என்று அதன் அன்பரே கேலி பேசுவர்.

முத்தென்றவுடன் முசலியை நினையாதிருத்தல் ஒல்லுமோ? அரிப்பு, சிலாவத்துறை, கொண்டச்சி, மறிச்சுக்கட்டி ஆகிய இவ்வூர்களுக்கு எதிரேயுள்ள பார்களிலேதான் நூற்றாண்டு பலவாக முத்துக் குளித்தனர். சிலாவத்துறை என்னும் பெயரும் முத்துக்குளிப்பைக் குறிக்கும் 'சலாபம்' என்ற சொல்லின் வழி வந்ததென்பர். இங்கு 1925 இல் நிகழ்ந்ததே கடைசிப் பெருங்குளிப்பு. அக்காலத்து முத்து வணிகர் பெயரிடுவதிற் கையாண்ட முறையை இன்றைய நிரலாளர் கண்டால் வியந்து தலைவணங்குவர்.

எடுத்த முத்துக்களைப் பத்துப் பித்தளைச் சல்லடைகளிலே ஒன்றன்பின் ஒன்றாக இட்டுச் சலித்தனர். ஒவ்வொரு சல்லடைக்கும் அதிலுள்ள துளைகளின் எண்ணிக்கையே பெயர்: 20, 30, 50, 80, 100, 200, 400, 600, 800, 1000. எண் பெருகப் பெருகத் துளை சிறுக்கும், முத்தும் சிறுக்கும். இருபதில் நின்றது பெருமுத்து. ஆயிரத்திலும் நில்லாது ஒழுகுவது தூசிபோன்ற சிறுமணி. அளவு கண்டபின் தரம் காண்பர். வடிவும் ஒளியும் குறைவற நிறைந்தது ஆணி. அதிற் குறைந்தனவற்றுக்குக் கலிப்பு, குறுவல் என்றாற்போல வேறு வேறு பெயர்கள். 'நல்ல முத்து', 'மிக நல்ல முத்து', 'மெய்யாகவே நல்ல முத்து' என்று அவர் பெயரிட்டிலர். இட்டிருப்பின் அச்சந்தை ஒரு நாளும் நடந்திராது. தமிழ் வணிகரும் பம்பாய் வணிகரும் அரபு நாட்டவரும் கூடிய இடம் அது. எண்ணையும் தரத்தையும் கேட்ட மாத்திரத்தில், முத்தைக் காணாதவனும் அதன் இயல்பை ஒருவாறு அறிந்துகொண்டான். பெயரிலேயே வரிசை அடங்கியிருந்தது. கோப்பின் பெயரில் ஆண்டை முதலிலும் திங்களை அடுத்தும் நாளை இறுதியிலும் எழுதினால் கணினி தானே காலவரிசையில் அடுக்கும் என்று நிரலாளர் இன்று கற்பிப்பதும் இதே நெறியன்றோ!

அதே கரையிலே இதற்கு நேர்மாறான காட்சியொன்றும் உண்டு. அரிப்பிலே கடலோரமாகச் சிதைந்து நிற்கும் மாளிகையை ஊரார் 'அல்லிராணி கோட்டை' என்பர். அது கோட்டையுமன்று, அல்லி அரசாணியின் காலத்ததுமன்று. இலங்கையின் முதல் ஆங்கில ஆள்பதி பிரெடெரிக் நோர்த், முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்ய வருங்கால் தங்குதற்பொருட்டு 1801 முதல் 1804 வரை கட்டுவித்தது அது. கிரேக்கத் தூண்களின் பாணியால் ஆங்கில ஏடுகளில் அதற்கு 'டொரிக்' என்று பெயர். இருநூறு ஆண்டுக்குள் ஆள்பதி மறைந்து அரசி குடிபுகுந்துவிட்டாள். கதையென்ற அளவில் எனக்கு நோர்த்தைவிட அல்லியையே பிடிக்கும். ஆயினும் பெயரை நம்பி அங்கே ஆயுதசாலையைத் தேடும் மாணவன் ஏமாறுவான்.

பெயரை இழந்தபின் உள்ளிருப்பதைக் கொண்டே பெயரிடுவது நம்மவர் வழக்கந்தான். சங்கநூல் தொகுத்தோர், பாடியவர் பெயர் கிடையாதவிடத்துப் பாட்டின் தொடரையே எடுத்துச் செம்புலப்பெயனீரார் என்றும் அணிலாடு முன்றிலார் என்றும் வழங்கினர். மறதியால் நேர்ந்த குறையை இத்துணை அழகாக நிரப்பியவர் உலகில் வேறெங்கும் உளரோ என்று ஐயுறுகிறேன்.

கணினியிலே தமிழுக்கு நேர்ந்த இடர் அத்துணை அழகானதன்று. நம் நாட்டில் பெரிதும் பரவிய 'பாமினி' எழுத்துருவில் 'தமிழ்' என்று எழுதினால், கணினி உள்ளே பதிந்துகொள்வது ஆங்கிலத்தின் ஜே, கே, பி, ஓ, அதன்பின் ஓர் அரைப்புள்ளி. உள்ளடக்கத்தைத் தமிழாகக் காட்டலாம். கோப்பின் பெயருக்கோ அவ்வுடை கிடையாது. ஆகவே பலரும் பெயரை மட்டும் ஆங்கில எழுத்தில் எழுதிப் பழகினர். அவ்வெழுத்தில் எழுதிய ஒரு சொல் காணியா, கனியா, கணியா என்பது எழுதியவர் மாற்றலாகிச் சென்றபின் யாருக்கும் தெரிவதில்லை. யூனிக்கோடு முறையில் 1991 முதலே தமிழுக்கு இடமுண்டு. இன்று கோப்புக்குத் தமிழிலேயே பெயரிடலாம். கை பழகிய வழியை விடுவதுதான் கடினம்.

காணி என்பதை எடுத்துக்காட்டாகச் சொன்னது காரணத்துடனேதான். 1990 அக்டோபரில் வடபகுதி முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டபோது முசலியின் ஊர்கள் பலவும் வெறுமையாயின. புத்தளத்திலும் பிறவிடங்களிலும் இருபது ஆண்டளவு வாழ்ந்து, 2009 இல் போர் ஓய்ந்தபின் திரும்பியோருள் உறுதியும் உத்தரவுப் பத்திரமும் இழந்தவர் பலர். எஞ்சிய தாளையேனும் காக்க எண்ணுவோர் இன்று கைப்பேசியில் அதனைப் படமெடுத்து வைக்கின்றனர். கைப்பேசியோ படத்துக்குத் தேதியையும் ஓர் எண்ணையும் அன்றி வேறு பெயர் தருவதில்லை. அத்தேதியும் படமெடுத்த நாளேயன்றி உறுதி எழுதிய நாளன்று. வேப்பங்குளத்து வயலும் கொண்டச்சித் தோட்டமும் அவ்வரிசையில் ஒரே முகத்துடன் நிற்கும். நடுவே பேரப்பிள்ளையின் பிறந்தநாள் விருந்தும் நிற்கும்.