வாசகரின் பட்டியலும் தோட்டத்துத் தபால் பையும்

கூகுள் நிறுவனம் 2013 மார்ச் 13ஆம் திகதி, தனது ‘கூகுள் ரீடர்’ சேவை அவ்வாண்டு ஜூலை 1ஆம் திகதியுடன் நிறுத்தப்படும் என அறிவித்தது. பயன்படுத்துவோர் தொகை குறைந்துவிட்டது என்பதே அந்நிறுவனம் கூறிய காரணம். அச்சேவையைக் காப்பாற்றக் கோரிய இணைய மனுவில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டனர். எனினும் முடிவு மாறவில்லை. இலவசமாகக் கிடைத்த ஒரு கருவிக்காக இத்தனை பேர் ஏன் வருந்தினர் என்பதை விளங்கிக்கொள்ள, அது எவ்வாறு இயங்கியது என்பதை முதலில் அறிய வேண்டும்.

ஓர் இணையத்தளத்தில் புதிதாக வெளியாகும் செய்தியின் தலைப்பு, நேரம், சுருக்கம், சில வேளைகளில் முழு உரை ஆகியவற்றைக் கணினிகள் எளிதில் வாசிக்கத்தக்க ஒரே ஒழுங்கில் அடுக்கித் தரும் சிறு கோப்புக்குச் ‘செய்தியோடை’ என்று பெயர். ‘ஆர்.எஸ்.எஸ்.’ எனப்படும் இம்முறையை 1999இல் நெட்ஸ்கேப் நிறுவனம் அறிமுகப்படுத்தியது. வாசகர் தமக்கு வேண்டிய தளங்களின் ஓடை முகவரிகளைப் பட்டியலாக்கிக் கொடுத்துவிட்டால், 2005 ஒக்டோபரில் தொடங்கப்பட்ட கூகுள் ரீடர் போன்ற கருவி அவற்றை அடிக்கடி சென்று பார்த்து, புதியவற்றை ஓரிடத்தில் கால வரிசைப்படி சேர்த்து வைக்கும். எது முதலில் வர வேண்டும், எது மறைய வேண்டும் என்பதை எந்த நிறுவனமும் தீர்மானிப்பதில்லை; பட்டியலை எழுதியவரே தீர்மானிக்கிறார். இதுவே அதன் சிறப்பு. ஓடையினூடே விளம்பரம் விற்பது கடினமாக இருந்ததால், வணிக நோக்கில் அதுவே அதன் குறையாகவும் இருந்திருக்கலாம்.

இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதிகளில் வாழும் மலையகத் தமிழரிடையே இக்கருவியைப் பயன்படுத்தியோர் மிகச் சிலராகவே இருந்திருப்பர். தமிழ்ச் செய்தியோடைகள் பயன்தர வேண்டுமாயின் எழுத்துகள் ‘யூனிகோட்’ எனும் பொதுக் குறியீட்டு முறையில் இருக்க வேண்டும். ஆனால் இலங்கையில் அச்சகங்களும் அலுவலகங்களும் ‘பாமினி’ போன்ற பழைய எழுத்துருக்களையே நெடுங்காலம் நம்பியிருந்தன. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் செய்தி வெறும் ஆங்கில எழுத்துகளின் குவியலாகத் தெரியும். வலைப்பதிவுகளே இத்தடையை முதலில் உடைத்தன. 2004இல் காசி ஆறுமுகம் தொடங்கிய ‘தமிழ்மணம்’, தமிழ் வலைப்பதிவுகளின் ஓடைகளை ஒரே பக்கத்தில் காட்டிய திரட்டியாகும். இலங்கை, தமிழகம், புலம்பெயர் நாடுகள் என எங்கிருந்து எழுதினாலும் புதிய பதிவு அங்கே தென்பட்டது. படங்களின்றி எழுத்தை மட்டும் கொண்டுவரும் ஓடை, மலைமுகடுகளால் அலைவரிசை தடைப்படும் ஹட்டன், நுவரெலியாப் பகுதிகளின் மெதுவான இணைப்புக்கு ஏற்றதாகவும் இருந்தது.

செய்தி வந்து சேரும் வழியை யார் கையில் வைத்திருப்பது என்னும் கேள்வி தேயிலைத் தோட்டங்களுக்குப் புதியதன்று. லயங்கள் எனும் வரிசை வீடுகளில் வாழ்ந்தோருக்குத் தனித்தனி முகவரி இருக்கவில்லை. ஊரிலிருந்து வரும் கடிதம் தோட்டத்தின் பெயருக்கு வந்து, தபால் பையில் தோட்ட அலுவலகத்தை அடைந்து, அங்கிருந்தே உரியவரிடம் போய்ச் சேர வேண்டியிருந்தது. தாமதமும் தவறுதலும் இம்முறையின் உடன்பிறப்புகள். தனி முகவரிக்கான கோரிக்கை இந்த நூற்றாண்டிலும் தொடர்ந்து எழுப்பப்பட்டு வந்துள்ளது. தோட்டமோ தனியார் சொத்து. துரை எனப்பட்ட தோட்ட முகாமையாளரின் அனுமதியின்றி வெளியார் நுழைவது அத்துமீறலாகக் கருதப்பட்டது. தஞ்சாவூரிலிருந்து இலங்கை வந்த கோ. நடேசய்யர் தொழிலாளரின் நிலையை நேரில் அறியப் புடைவை வியாபாரியாக வேடமிட்டுத் தோட்டங்களுக்குள் சென்றார் என்பது மலையக வரலாற்றில் பலரும் அறிந்த செய்தி. 1920களில் ‘தேசநேசன்’, ‘தேசபக்தன்’ ஆகிய பத்திரிகைகளை நடத்திய அவர், 1931இல் ஹட்டனைத் தளமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். எழுத்தறிவு பெற்றோர் குறைவாக இருந்த அக்காலத்தில் பத்திரிகையை ஒருவர் உரக்க வாசிக்கப் பலர் கேட்பதே வழக்கம் என்பதால், ஒரு பிரதி உள்ளே வந்தாலும் தடுப்போருக்கு அது சிறிய விடயமாக இருக்கவில்லை.

இவ்வரலாற்றோடு வைத்துப் பார்க்கையில், செய்தியோடை அளித்தது வசதியை மட்டுமன்று. இடையில் அலுவலகம் எதுவும் இல்லாத ஒரு முகவரியையும்தான். கூகுள் ரீடர் மூடப்பட்டபோது வாசகரின் பட்டியல் அழியவில்லை. அதனைக் கோப்பாகத் தரவிறக்க ஜூலை 15 வரை அவகாசம் தரப்பட்டது. ஃபீட்லி என்னும் மாற்றுச் சேவை, அறிவிப்பு வெளியாகி மூன்று வாரங்களுக்குள் முப்பது இலட்சம் புதியவர்கள் தன்னிடம் வந்ததாகத் தெரிவித்தது. ஆயினும் பெருந்தொகையினர் வேறொரு கருவியைத் தேடாமல், கையிலிருந்த முகநூலிலேயே செய்தியையும் பார்க்கத் தொடங்கினர். பதிவர்களும் அங்கேயே குடிபெயர்ந்ததால் திரட்டிகள் வெறிச்சோடின.

அம்மாற்றத்தை முழு இழப்பாகக் காட்டுவது நேர்மையாகாது. தோட்டத் தொழிலாளருக்கு அடிப்படை நாட்சம்பளமாக 1,000 ரூபாய் கோரி 2018 ஒக்டோபர் 24ஆம் திகதி, கொழும்பில் வேலைசெய்யும் மலையக இளைஞர்கள் கறுப்புடையில் காலிமுகத்திடலில் கூடியபோது, அழைப்பைப் பரப்பியவை சமூக ஊடகங்களே. அமைதியாக வாசிப்பதற்கென அமைந்த செய்தியோடையால் அத்தகைய கூட்டத்தைத் திரட்டியிருக்க முடியாது. ஆனால் அதே ஆண்டு மார்ச் மாதத்தில், கண்டி மாவட்டத்துத் திகனையில் முஸ்லிம்களுக்கு எதிராக வன்முறை வெடித்தபோது, முகநூல், வாட்ஸ்அப், வைபர் ஆகியவற்றை அரசு சுமார் ஒரு வாரம் முடக்கியது. வெறுப்புப் பேச்சைத் தடுப்பதே காரணம் எனப்பட்டது; அக்காரணம் பொய்யன்று. ஆயினும் செய்திக்கு அந்த ஒரு வாசலை மட்டுமே நம்பியிருந்தவருக்கு, மிகத் தேவையான நாட்களில் அது அடைபட்டது. அந்தந்தத் தளங்களிலிருந்து நேரே ஓடையைப் பெற்றவரின் பட்டியலோ அத்தடையால் பாதிக்கப்படவில்லை.

பலர் பின்னரே உணர்ந்த வேறோர் இழப்பும் உண்டு. தான் சேகரித்த பழைய பதிவுகளையும் கூகுள் ரீடர் சேமித்து வைத்திருந்தது. எழுதியவர் தம் வலைப்பதிவையே நீக்கிய பின்னரும் அதன் உரை அங்கே கிடைத்து வந்தது. மூடுவிழாவுக்கு முன்னர் ‘ஆர்க்கைவ் டீம்’ எனும் தன்னார்வலர் குழு அச்சேமிப்பில் இயன்றதைப் படியெடுத்தது; எஞ்சியவை மறைந்தன. நடேசய்யரின் பத்திரிகைப் பணியைத் தேடித் தொகுத்துச் சாரல்நாடன் நூலாக்கியது போன்ற வேலையை, 2005க்கும் 2013க்கும் இடையில் இணையத்தில் எழுதிய மலையகத்தவருக்காக யாரேனும் செய்ய முற்பட்டால், காகிதத்தில் வெளிவந்த சிற்றிதழ்களை ‘நூலகம்’ எனும் இணையத் தளத்தின் மின்வருடிய பக்கங்களில் காண்பது எளிதாகவும், நேற்றைய வலைப்பதிவுகளைக் காண்பது அரிதாகவும் இருக்கும்.