கொய்த மலரின் ஆயுளும் பெங்களூரு மலர்த் தொழிலும்

செடியிலிருந்து கொய்யப்பட்ட மலர் அக்கணமே உயிரற்றதாகி விடுவதில்லை. வேரினின்றும் பிரிந்த பின்னரும் அது சுவாசிக்கின்றது. தண்டின் வழியாக நீரை உறிஞ்சுகின்றது. தன்னிடம் சேமிப்பாக உள்ள சர்க்கரையைச் செலவிட்டு இதழ்களை விரிக்கின்றது. இச்சேமிப்பு தீரும் வரையில்தான் அதற்கு அழகு உண்டு. அழகு உள்ள வரையில்தான் அதற்கு விலையும் உண்டு. மலர்களைத் தொடுத்தும் அடுக்கியும் அலங்கரித்தும் விற்கும் தொழிலை மேற்கொள்வோர் முதலில் உணர வேண்டிய உண்மை இதுவே. கற்பனைத் திறன் எத்துணைச் சிறந்ததாயினும், மலரின் ஆயுளைப் பேணத் தெரியாதவருக்கு இத்தொழில் நட்டத்தையே தரும். பெங்களூரு நகரின் மலர்த் தொழில் இதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

மலர்களுக்கு உகந்த நகரம்

கடல் மட்டத்திற்குச் சுமார் 900 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ள இந்நகரில் கோடை வெப்பமும் மிகையன்று, குளிரும் கடுமையன்று. ஆதலின், சமவெளியில் எளிதில் வளராத பல மலர்ச் செடிகள் இங்கு நன்கு வளர்கின்றன. 1760-ஆம் ஆண்டில் ஹைதர் அலி தொடங்கிய லால்பாக் தோட்டம் இவ்வியற்கை வளத்திற்கு ஓர் ஒழுங்கை அளித்தது. அத்தோட்டத்தின் கண்ணாடி மாளிகைக்கு 1889-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாளன்று அடிக்கல் நாட்டப் பெற்றது. குடியரசு நாளையும் விடுதலை நாளையும் ஒட்டி ஆண்டுக்கு இருமுறை அங்கு நடைபெறும் மலர்க் கண்காட்சி, நகர மக்களுக்கு மலர்களை வகையறிந்து நோக்கும் பழக்கத்தை ஏற்படுத்தியுள்ளது.

1908-ஆம் ஆண்டில் லால்பாக் தோட்டத்தின் பொறுப்பை ஏற்ற ஜெர்மானியத் தாவர அறிஞர் குரும்பிகல், ஒரு மரவகை பூத்து ஓய்ந்ததும் மற்றொரு வகை பூக்குமாறு மரங்களைத் தெரிந்தெடுத்துத் தெருக்களில் நடச் செய்தார். ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒரு வண்ணம் நகரில் மலர்ந்திருக்க வேண்டுமென்பது அவரது நோக்கம். எம்மலர் எத்திங்களில் கிடைக்கும் என்பதை முன்னறிந்து திட்டமிடுதலே மலர் அலங்காரத்தின் முதற் பாடம். அதனை ஒரு நகரம் முழுவதற்குமாகச் செய்து காட்டியவர் அவர் எனலாம்.

மக்களின் வாழ்விலும் மலருக்கு நீங்காத இடம் உண்டு. தமிழ் மரபினரெனக் கருதப்படும் திகளர் சமூகத்தார் நெடுங்காலமாக இந்நகரின் தோட்டக்காரர்களாக விளங்கி வந்தவர்கள். அவர்கள் ஆண்டுதோறும் எடுக்கும் கரக விழாவில் கரகம் மல்லிகைப் பூவினால் அழகு செய்யப்படுகின்றது. கிருஷ்ணராஜேந்திர மார்க்கெட்டில் விடியுமுன்னரே சாமந்தியும் மல்லிகையும் சம்பங்கியும் குவியல் குவியலாக வந்திறங்குகின்றன. தொடுத்த பூவைத் தமிழர் ‘முழம்’ கணக்கில் அளப்பது போலவே, இங்குள்ளோர் ‘மொள’ என்றும், இரு கைகளையும் விரித்த நீளத்தை ‘மாரு’ என்றும் அளந்து விற்கின்றனர்.

வாடுதலின் காரணங்கள்

மலர் வாடுவதற்கு முக்கியக் காரணங்கள் மூன்று. முதலாவது வெப்பம். வெப்பநிலை 10 டிகிரி சென்டிகிரேட் உயர்ந்தால் மலரின் சுவாசம் ஏறக்குறைய இரண்டு அல்லது மூன்று மடங்காகின்றது. சேமிப்பும் அவ்வளவு விரைவாகக் கரைகின்றது. ஆகவேதான் ரோஜா, கார்னேஷன் போன்றவற்றைக் கொய்தவுடன் குளிர்வித்து, 2 முதல் 4 டிகிரி வரையுள்ள அறையில் வைக்கின்றனர். ஆயினும் இவ்விதி எல்லா மலர்களுக்கும் பொருந்தாது. ஆந்தூரியம் போன்ற வெப்பமண்டல மலர்கள் இத்தகைய குளிரில் கருகி விடுமாதலால், அவற்றை 13 டிகிரிக்குக் குறையாமல் வைத்தல் வேண்டும்.

இரண்டாவது காரணம், தண்டின் நீர்க்குழாய்கள் அடைபடுதல். வெட்டிய இடத்தில் காற்றுக் குமிழி புகுந்தாலும், அழுக்கு நீரில் பாக்டீரியாக்கள் பெருகினாலும் குழாய்கள் அடைபடுகின்றன. அப்பொழுது நீர் நிறைந்த ஜாடியிலேயே மலர் தாகத்தால் வாடுகின்றது. ஜெர்பெரா மலரின் கழுத்து திடீரெனத் தொய்ந்து விடுவதற்கு இதுவே பெரும்பாலும் காரணமாகும். தண்டின் நுனியை நீருக்குள்ளேயே சாய்வாக வெட்டுதலும், நீரில் மூழ்கும் இலைகளை அகற்றுதலும், வாளிகளை நாள்தோறும் தேய்த்துக் கழுவுதலும் இதனைத் தடுக்கும் எளிய வழிகள். நீரில் சிறிது சர்க்கரை சேர்த்தால் மலருக்கு உணவாகும்; ஆனால் சர்க்கரையை மட்டும் சேர்த்தால் அது பாக்டீரியாக்களுக்கும் உணவாகி விடும். ஆதலின் அதனுடன் சிட்ரிக் அமிலமும் கிருமி நாசினியும் சேர்ப்பது வழக்கம். நீரின் அமிலத்தன்மை கூடும்பொழுது கிருமிகளின் வளர்ச்சி குன்றுகின்றது. தண்டும் நீரை எளிதாக ஏற்கின்றது.

மூன்றாவது காரணம் எத்திலீன் என்னும் வாயு. பழங்கள் பழுக்கும்பொழுதும், வாகனங்களின் புகையிலும் இது வெளிப்படுகின்றது. மிகச் சிறிய அளவில் இருந்தாலும் கார்னேஷன் மலரின் இதழ்கள் உட்புறமாகச் சுருண்டு மூடிக் கொள்கின்றன. பழக் கூடைகளுக்கு அருகில் மலர்க் கட்டுகளை அடுக்கி வைக்கும் கடைக்காரர் தமது சரக்கைத் தாமே அழித்துக் கொள்கின்றார் எனில் மிகையாகாது.

ஆராய்ச்சியின் துணை

பெங்களூரு நகரை அடுத்த ஹெசரகட்டாவில், 1967-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம், நாட்டு மலர்களை மேம்படுத்துவதில் குறிப்பிடத்தக்க பணி ஆற்றியுள்ளது. மெக்ஸிகோவைத் தாயகமாகக் கொண்ட சம்பங்கியைக் கன்னடத்தில் ‘சுகந்தராஜ’ என்பர். இம்மலரில் ‘சிருங்கார்’, ‘பிரஜ்வல்’, ‘சுவாசினி’, ‘வைபவ்’ ஆகிய இரகங்களை இந்நிலையத்தார் கலப்பு முறையில் உருவாக்கினர். ஓரடுக்கு இதழ்களையுடைய சிருங்காரும் பிரஜ்வலும் மாலை தொடுப்பதற்கு ஏற்றவை. பல அடுக்கு இதழ்களையுடைய சுவாசினி, தண்டுடன் ஜாடியில் வைப்பதற்கு ஏற்றது. சீன ஆஸ்டர் மலரிலும் ‘காமினி’, ‘பூர்ணிமா’, ‘சசாங்க்’, ‘வயலெட் குஷன்’ முதலிய இரகங்கள் இங்கிருந்து வெளிவந்துள்ளன. இவற்றைத் திறந்த வெளியிலேயே பயிரிடலாமாதலால், பாலிதீன் கூடாரம் அமைக்கப் பொருளில்லாத சிறு விவசாயியும் அலங்காரத்திற்குரிய மலரை விளைவிக்க இயலுகின்றது.

மறுபுறம், 1988-ஆம் ஆண்டின் புதிய விதைக் கொள்கை அயல்நாட்டு நடவுப் பொருள்களின் வரவை எளிதாக்கிற்று. அதன் பின்னர் தேவனஹள்ளி, தொட்டபள்ளாபுரம் ஆகிய பகுதிகளிலும், தமிழ்நாட்டின் எல்லையிலுள்ள ஓசூரிலும் கூடாரங்களில் ரோஜா, ஜெர்பெரா, கார்னேஷன் சாகுபடி பெருகிற்று. இம்மலர்களை விற்பதற்கென ஹெப்பாளில் 2007-ஆம் ஆண்டில் சர்வதேச மலர் ஏல நிறுவனம் ஏற்படுத்தப்பெற்றது. ஹாலந்து நாட்டு முறையைப் பின்பற்றும் இத்தகைய ஏலத்தில், விலை உயர்ந்த நிலையில் தொடங்கிப் படிப்படியாக இறங்கி வரும். முதலில் பொத்தானை அழுத்துபவருக்கே சரக்கு உரியதாகும். ஒரு விற்பனை சில வினாடிகளிலேயே முடிந்து விடுகின்றது. வாடும் பொருளை விற்பதற்குக் காலம் தாழ்த்தாத இம்முறை பெரிதும் ஏற்றதாகும்.

அலங்காரக் கலையும் கணக்கும்

மலர் அலங்காரத்தில் சில பொது விதிகள் உண்டு. மலர்க் கொத்தின் உயரம் ஜாடியின் உயரத்தைப் போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு இருத்தல் அழகு. பெரிய மலர்களும் அடர்ந்த நிறமுள்ள மலர்களும் அடியிலும், மொட்டுகளும் வெளிறிய மலர்களும் நுனியிலும் அமைந்தால் பார்வைக்கு நிலைத்தன்மை உண்டாகும். ஜப்பானியர் ஒரு சில தண்டுகளைக் கொண்டே வெற்றிடத்தையும் அழகின் பகுதியாக்குவர். நம் நாட்டவர் காம்பில்லாத உதிரிப் பூக்களை நாராலும் நூலாலும் பிணைத்துச் சரமாகவும் மாலையாகவும் பந்தலாகவும் ஆக்குவர். இவ்விரண்டும் தனித்தனிக் கலைகள். ஒன்று மற்றொன்றிற்குக் குறைந்ததன்று. மேனாட்டுக் கொத்தினை மட்டும் பின்பற்றாமல், சம்பங்கியின் மணத்தையும் ஆஸ்டரின் வண்ணத்தையும் தொடுப்பவரின் கைத்திறனையும் இணைத்துப் புதிய வடிவங்களைக் காண்பவருக்கே இத்தொழிலில் தனியிடம் அமையும்.

அமெரிக்காவில் 1954-ஆம் ஆண்டில் அறிமுகமான, நீரை உறிஞ்சும் பச்சை நிற நுரைக்கட்டி அலங்காரப் பணியை எளிதாக்கியது உண்மையே. எனினும் அது மண்ணில் எளிதில் மக்குவதில்லை. அதன் துகள்களை நீர்வாழ் உயிர்கள் உட்கொள்வதும் ஆய்வுகளில் தெரிய வந்துள்ளது. கம்பி வலை, முள் தட்டு, மூங்கில், வாழைத் தண்டு ஆகியவை அதற்கு மாற்றாகப் பயன்படக்கூடியவை.

இனிக் கணக்கைக் கருதுவோம். ஒருவர் தண்டு ஒன்று 10 ரூபாய் வீதம் 100 ரோஜாக்களை வாங்குவதாகக் கொள்வோம். அவற்றுள் 20 வாடி வீணானால், எஞ்சிய ஒவ்வொன்றின் அடக்க விலையும் 12 ரூபாய் 50 காசாகி விடும். சுத்தமான நீரும் குளிர்ந்த இடமும் கொண்டு சேதத்தை 5 தண்டாகக் குறைத்தால், அடக்க விலை சுமார் 10 ரூபாய் 53 காசில் நிற்கும். விற்பனை விலையை உயர்த்தாமலேயே தண்டுக்கு ஏறத்தாழ 2 ரூபாய் மிச்சமாகின்றது. தொடுக்கும் பெண்களின் கூலியைக் குறைத்து இலாபம் தேடுவதினும் இவ்வழி நியாயமானது, நிலையானதும் ஆகும்.

தேவையின் ஏற்றத்தாழ்வும் கணக்கில் சேர வேண்டுவதே. திருமணங்கள் நடவாத ஆடியில் விலை சரியும்; வரமகாலட்சுமி நோன்பு, விநாயக சதுர்த்தி, ஆயுத பூஜை ஆகிய நாட்களை ஒட்டி ஏறும். விலை சரியும் காலத்தில் மிகும் மலர்களை மணலிலோ சிலிக்கா ஜெல்லிலோ புதைத்து உலர்த்தினால், வாழ்த்து அட்டைகளாகவும் சுவர்ச் சட்டங்களாகவும் பின்னர் விற்கலாம்.

2020-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் கொள்ளைநோயை முன்னிட்டு ஊரடங்கு விதிக்கப்பட்டபொழுது, திருமணங்களும் கோயில் விழாக்களும் ஒருசேர நின்றன. பெங்களூருவைச் சூழ்ந்த விவசாயிகள் பலர், மலர்ந்த பூக்களைக் கொய்து குப்பையில் கொட்ட நேர்ந்தது. கொய்யாமல் விட்டால் செடியே கெடுமாதலால், வருவாயின்றியும் கூலி கொடுத்துப் பறித்தனர். விழாவையும் ஏற்றுமதியையும் மட்டும் நம்பிய தொழில் எவ்வளவு மெலிந்த தண்டின் மீது நிற்கின்றது என்பதை அந்நாட்கள் உணர்த்தின. வீட்டு மேசைக்கு வாரந்தோறும் ஒரு சிறு கொத்து, அலுவலகத்திற்கு ஒரு தொட்டிச் செடி, உலர் மலர்ப் பொருள்கள் என மலரின் பயன் பல துறைகளிலும் விரிந்தால், விளைவிப்பவர் ஒரே வாயிலை நம்பி நிற்க வேண்டியதில்லை. அவ்வாறு விரிப்பதே அலங்காரக் கலைஞரின் பணி. அப்பணியைத் தொடங்க விரும்புவோர், பெரும் பொருள் செலவிட்டுக் கடை அமைக்குமுன், ஒரே வகை மலரைச் சுத்தமான வாளியிலும் அழுக்கு வாளியிலும் தனித்தனியே வைத்து, எது எத்தனை நாள் நிற்கின்றது எனக் குறித்து வருவாராயின், இத்தொழிலின் பாதியை அச்சிறு சோதனையே கற்பித்து விடும்.